சத்தம் அடங்கினால் போதுமா?

கார் இயந்திரத்திற்குள் மறைந்து கிடக்கும் ஒரு சிறு இரும்புக் குழலைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கின்றது என்று உங்களுள் சிலர் எண்ணக் கூடும். ஆயினும் தையல் இயந்திரம் மிதிக்கும் தாய்மார்களும், தோட்டத்தில் மோட்டார் பம்பு வைத்திருக்கும் பெரியவர்களும், இரு சக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் ஓர் உண்மையை அறிவீர்கள். ஓடிக் கொண்டிருக்கும் இயந்திரம் புதிதாக ஒரு சத்தம் எழுப்பினால், அச்சத்தம் நின்றுவிட வேண்டும் என்பதே நமது முதல் விருப்பம். அஃது ஏன் எழுந்தது என்று அறிவது இரண்டாம் விருப்பந்தான். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றாகக் கருதுவதால் இயந்திரங்கள் அழிகின்றன. சில வேளைகளில் மனிதர்களுக்கு இடையே உள்ள நம்பிக்கையும் அழிகின்றது. என் பட்டறைக்கு வந்த ஒரு வேலையைச் சான்றாக வைத்து இதை விளக்க விழைகின்றேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றில் பிறந்தவன். இளமையில் லாரிப் பட்டறையில் தொழில் பழகி, பின்னர் பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்து, கோவென்ட்ரி நகரில் பழைய கார்களைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றேன். எங்களிடம் மிகுதியாக வருபவை இந்நகரிலேயே உருவான ஜாகுவார் கார்கள். அவற்றின் உள்ளே துடிக்கும் எக்ஸ்கே என்னும் இயந்திரத்தின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன்.

போர்க்காலத்தில் உருவான இயந்திரம்

1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் கோவென்ட்ரியின் மீது குண்டு மழை பொழிந்து நகரின் நடுப்பகுதியை எரித்தன. அந்தப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் பணியாற்றியோர் முறை வைத்து இரவில் கண்விழித்து, தீப்பற்றினால் உடனே அணைப்பதற்குக் காவல் இருந்தனர். பின்னாளில், 1945இல், ஜாகுவார் என்று பெயர் மாற்றம் பெற்ற நிறுவனத்தின் ஆலை அப்போது ஃபோல்ஸ்ஹில் பகுதியில் இருந்தது. நிறுவனத் தலைவர் வில்லியம் லயன்ஸ், தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸ், அவருடைய உதவியாளர்கள் வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர் அங்கே தீக்காவல் இருந்த இரவுகளில், போர் முடிந்தபின் செய்ய வேண்டிய ஒரு புதிய இயந்திரத்தைப் பற்றிப் பேசித் திட்டமிட்டனர்.

1948 அக்டோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் எக்ஸ்கே 120 என்னும் காரோடு அவ்வியந்திரம் வெளியுலகைக் கண்டது. வரிசையாக 6 சிலிண்டர்கள். 3,442 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. 160 குதிரைத் திறன். பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் வென்ற கார்களை ஓட்டியது இவ்வியந்திரமே. பல அளவுகளில் வார்க்கப்பட்டு, குடும்பக் கார்களிலும் பந்தயக் கார்களிலும் பொருத்தப்பட்டு, 1992ஆம் ஆண்டு வரை அது தயாரிப்பில் இருந்தது. போர் இரவுகளில் சிந்திக்கப்பட்ட ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது வியப்பிற்குரியதே.

அதன் அடிப்பகுதி வார்ப்பிரும்பு. சிலிண்டர் ஹெட் எனப்படும் தலைப்பகுதியோ அலுமினியக் கலவை. அலுமினியம் எடை குறைந்தது. வெப்பத்தை விரைவாகக் கடத்தி வெளியேற்ற வல்லது. ஆனால் அது மென்மையானது. ஓயாது உராயும் உறுப்புகளை நேரடியாக அதன்மேல் ஓட விட்டால் தேய்ந்து போகும். ஆகவே, உராய்வு உள்ள இடங்களில் இரும்புக் குழல்களை அலுமினியத்திற்குள் இறுக்கிப் பதித்தனர். அவற்றுள் ஒரு வகையே டேப்பட் கைடு.

இறுக்கமே காவல்

வால்வு என்பது இயந்திரத்தின் மூச்சுக் கதவு. எரிபொருள் கலந்த காற்று உள்ளே வர ஒன்று, எரிந்த புகை வெளியேற ஒன்று என ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள், மொத்தம் 12. தலைப்பகுதியின் மேல் இரண்டு கேம் ஷாப்டுகள் சுழல்கின்றன. அவற்றின் புடைப்பு ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் ஒரு வால்வை அழுத்தித் திறக்கின்றது. புடைப்பிற்கும் வால்வின் தண்டிற்கும் நடுவே, கவிழ்த்து வைத்த சிறு கிண்ணம் போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதுதான் டேப்பட். அக்கிண்ணம் நேராக ஏறி இறங்குவதற்கு வழிகாட்டும் இரும்புக் குழலே டேப்பட் கைடு. 12 வால்வுகளுக்கு 12 கைடுகள்.

இந்தக் கைடை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பது எது? திருகும் இல்லை, ஆணியும் இல்லை. இறுக்கம் ஒன்றே அதன் காவல்.

நம் ஊரில் மாட்டு வண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கொல்லர், மரச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாகப் பட்டாவைச் செய்வார். அதை நெருப்பில் இட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். வெப்பத்தால் விரிந்த பட்டாவைக் குறட்டால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, தண்ணீரை ஊற்றுவார். பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுகத் தழுவிக் கொள்ளும். டேப்பட் கைடும் அவ்வாறே பதிக்கப்படுகின்றது. வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் மட்டுமே மாறியிருக்கின்றன. இங்கே காய்ச்சப்படுவது வெளியே உள்ள அலுமினியம். உள்ளே இறக்கப்படுவது குளிர்ந்த இரும்பு.

குறையும் இதிலேயே அடங்கியிருக்கின்றது. ஒரே அளவு வெப்பத்திற்கு அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகின்றது. கைடைப் பிடித்திருக்கும் கை, சூடேறும்போது தானாகவே தளர்கின்றது என்று பொருள். இயந்திரம் அளவான வெப்பத்தில் ஓடும் வரை இறுக்கம் எஞ்சியிருக்கும். ரேடியேட்டர் அடைத்துத் தண்ணீர் கொதிக்கும் அளவிற்கு இயந்திரம் சூடேறினால், புகை வெளியேறும் பக்கத்துக் கைடுகள் முதலில் பிடியை இழக்கும். ஏறி இறங்கும் டேப்பட் கைடையும் தன்னோடு மேலே இழுக்கும்; சுழன்று வரும் கேம் புடைப்பு அதன் விளிம்பில் மோதிக் கீழே தள்ளும். ‘டக், டக்’ என்ற அந்த ஓசையை ஒரு முறை கேட்டவர் மறக்க மாட்டார். விளிம்பு உடைந்து துண்டுகள் எண்ணெய்க்குள் விழலாம். ஒரு துண்டு இடையில் சிக்கி டேப்பட்டையே பூட்டிவிடலாம். அப்போது திறந்து நின்ற வால்வின்மீது பிஸ்டன் மோதினால், இயந்திரம் அந்த இடத்திலேயே முடிந்தது.

சனிக்கிழமைக்குள் முடியுமா?

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். நடுத்தர வயதினர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையாரின் காரைக் கொண்டு வந்தார். 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த மார்க் 2; 3.8 லிட்டர் இயந்திரம். வேறொரு பட்டறையில் காட்டியதாகவும், வால்வு இடைவெளியினால் வரும் சத்தம் என்று அவர்கள் சொல்லிக் கெட்டியான எண்ணெய் ஊற்றி அனுப்பியதாகவும், இரண்டு வாரம் அடங்கியிருந்த சத்தம் மீண்டும் வந்துவிட்டதாகவும் கூறினார்.

அப்போது என் லாத்தாவின் மகன் எங்களோடு தங்கியிருந்தான். ஊரில் பொறியியல் பட்டம் பெற்று, மேற்படிப்பிற்காகக் கோவென்ட்ரி வந்தவன். விடுமுறை நாட்களில் எனக்குத் துணையாகப் பட்டறைக்கு வருவான். பட்டம் பெற்றவன் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு நிற்பதா என்ற எண்ணம் அவனுக்குள் இருந்தது. என்னிடம் கொண்ட மரியாதையினால் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நீண்ட திருப்புளியின் முனையை இயந்திரத்தின் தலையில் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக் கேட்டேன். புகை வெளியேறும் பக்கத்திலிருந்து ஓசை வந்தது. இயந்திரம் ஆறிய பிறகு அப்பக்கத்து மேல்மூடியைக் கழற்றினோம். ஐந்தாவது சிலிண்டரின் கைடு, தன் அண்டைக் கைடுகளின் மட்டத்தைவிட உயர்ந்து நின்றது. அதன் விளிம்பில், கேம் மோதி மோதித் தேய்த்த பளபளப்பான தழும்பு. ஓரத்தில் மெல்லிய விரிசல். இரண்டாவது சிலிண்டரின் கைடில் விரிசல் இல்லை. சிறு தழும்பு மட்டுமே. ஆனால் அதுவும் அசையத் தொடங்கியிருந்தது.

உரிமையாளரை அழைத்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, காரை வாங்குபவர்கள் வரும் சனிக்கிழமை வருகின்றார்கள் என்றும், அன்று ஒரு நாள் சத்தம் கேட்காதிருந்தால் போதும் என்றும், அதற்கு என்ன கேட்டாலும் தந்துவிடுவதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

செய்ய முடியாத காரியம் அன்று. உயர்ந்த கைடைத் தட்டி இறக்கி, சுற்றிலும் பஞ்சால் நான்கு அடி அடித்து, இன்னும் கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஒரு சனிக்கிழமையைக் கடந்துவிடலாம். முறையாகச் செய்வதென்றால் தலைப்பகுதியை இறக்க வேண்டும். சில வாரங்கள் ஆகும் என்று அவரிடம் சொன்னேன். அவ்வாறு செய்ய விரும்பினால் செய்து தருகின்றேன். இல்லையேல் நான் கண்டதை ஒரு தாளில் எழுதித் தருகின்றேன். சத்தத்தை மட்டும் மறைக்கும் வேலையை என்னால் செய்ய இயலாது என்றேன். பரிசோதனைக் கூலியை மேசைமீது வைத்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் முகத்தில் கோபத்தைவிடச் சோர்வே மிகுந்திருந்தது.

அந்த மாதம் எங்களுக்கும் நெருக்கடியான மாதம். பட்டறை வாடகைக்குப் பணம் போதவில்லை. மருமகன் பொறுக்க முடியாமல் கேட்டான்:

“மாமா, அவர் காரை அவர் விற்கின்றார். நாம் பொய் ஒன்றும் சொல்லப் போவதில்லையே! வேலை செய்தோம், கூலி வாங்கினோம் என்று இருந்திருக்கலாமே?”

“வாங்கப் போகிறவர் நம்மிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான், மருமகனே. ஆனால் அந்தச் சத்தம்தான் அவருக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். அதன் வாயை நாம் அடைத்துவிட்டால், அந்தப் பொய் யாருடையது?”

அவன் விடை கூறவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை கழிந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, இழுவை வண்டி ஒன்றில் ஏற்றப்பட்டு அதே கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே வேறொரு காரில் பழைய உரிமையாளரும், ஓர் இளந்தம்பதியரும் வந்து இறங்கினர். அப்பெண்ணின் தோளில் கைக்குழந்தை உறங்கிக் கொண்டிருந்தது. அத்தாள் தம் பையிலேயே நான்கு நாட்கள் கிடந்தது என்றும், வாங்குபவர்கள் குழந்தையோடு வந்து பின்னிருக்கையில் அதன் இருக்கையைப் பொருத்திப் பார்த்தபோது அதை எடுத்து நீட்டிவிட்டதாகவும் அவர் சொன்னார். பழுது பார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசி முடித்திருந்தார்கள். வேலையை எங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் வாங்கியவர்களே.

விரைவுச் சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் இயந்திரம் பூட்டிக்கொண்டால் என்னவாகும் என்று நான் மருமகனிடம் விளக்கவில்லை. குழந்தையை ஒரு முறை பார்த்தான். பேசாமல் உள்ளே சென்று ஸ்பானர்களை எடுத்து வந்து வரிசையாக அடுக்கினான்.

வேலை நடந்த விதம்

இத்தகைய வேலையில் முதற்பாடம், அவசரப்பட்டுக் கைடைத் தொடாதிருப்பது. அது தளர்ந்ததற்குக் காரணம் வெப்பம். வெப்பத்திற்குக் காரணம் குளிர்விக்கும் தண்ணீர். துருத்தடுப்பு மருந்து கலக்காமல் வெறுந்தண்ணீரைப் பல்லாண்டு ஊற்றி வந்தால், இரும்புப் பகுதி துருப்பிடித்துச் சேறாகிக் கீழே படியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். அந்தக் காரில் தண்ணீரைத் திறந்துவிட்டபோது செம்மண் குழம்பு போல வந்தது. அதைத் துப்புரவாக்காமல் புதிய கைடு பதித்திருந்தால் அதுவும் ஒரு கோடைக்கு மேல் நின்றிராது.

பிறகு கேம் ஷாப்டைக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கு தாங்கிகள் பிடித்திருக்கின்றன. ஒன்றை முழுதும் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் சமமாகத் தளர்த்த வேண்டும். சங்கிலிச் சக்கரத்திலிருந்து ஷாப்டைப் பிரித்த பிறகு இயந்திரத்தைச் சுழற்றவே கூடாது. வால்வுகள் ஒன்றோடொன்றும் பிஸ்டனோடும் மோதி வளைந்துவிடும். கழற்றிய டேப்பட்டுகளையும், அவற்றின் அடியில் இருக்கும் ஷிம் என்னும் சிறு தகடுகளையும் இடம் மாறாமல் வைக்க முட்டை அட்டைப் பெட்டியைவிடச் சிறந்தது இல்லை. குழி ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்துவிடுவோம்.

ஐந்தாவது கைடு விரிசல் கண்டதால் அதை மாற்றியே ஆக வேண்டும். தலைப்பகுதியை இறக்கிக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி, பழைய கைடைக் குடைந்து மெலிதாக்கி அகற்றினோம். புதிய கைடின் வெளிவிட்டம், துளையின் விட்டத்தைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்குமாறு சாணை பிடிக்கப்பட வேண்டும். தலைப்பகுதியை அடுப்பறையில் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, பின்னரே கைடை இறக்க வேண்டும். இவை நிறுவனத்தின் பணிக்கையேட்டில் உள்ள அளவுகள். நான் பல முறை அவ்வாறு செய்திருக்கின்றேன். ஏன் 150 பாகை என்று கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

மருமகன் ஒரு தாளை எடுத்தான். “மாமா, துளை 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் ஒரு பாகைக்குத் தன் அளவில் பத்து இலட்சத்தில் 23 பங்கு விரியும். 20 பாகையிலிருந்து 150 பாகைக்கு ஏறினால் துளை 0.12 மில்லிமீட்டர் பெரிதாகும். கைடு கூடுதலாக இருப்பது 0.08. ஆகவே 0.04 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கின்றது. கைடு தானாக உள்ளே இறங்கும்.”

“சரி, இயந்திரம் ஓடும்போது?” என்றேன்.

மீண்டும் கணக்கிட்டான். அப்போது இரும்பும் சேர்ந்து சூடாவதால் வித்தியாசம் மட்டுமே கணக்கு. தலைப்பகுதி 90 பாகையில் இருந்தாலே பிடிப்பில் 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கரைந்துவிடுகின்றது. அஃதாவது நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். அவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “அப்படியானால் பஞ்ச் அடிப்பதால் பயனில்லை, மாமா. அடித்த இடமும் அலுமினியந்தானே! அதுவும் சேர்ந்து விரிந்துவிடுமே!” என்றான். என் கைக்குத் தெரிந்திருந்ததை அவன் கணக்கு எனக்குச் சொல்லிக் காட்டியது. அன்று முதல் அவன் தன் பட்டத்தையும் கிரீஸையும் வேறு வேறாகக் கருதியதாக எனக்குத் தோன்றவில்லை.

தலைப்பகுதி அடுப்பறையிலும், புதிய கைடு குளிர்ப்பெட்டியிலும் இருந்தன. நேரம் வந்ததும் தடித்த கையுறை அணிந்து தலைப்பகுதியை மேசையில் வைத்தேன். அவன் கைடை நேராகப் பிடித்து விட்டான். ஓசையின்றி அடிவரை சென்று அமர்ந்தது. ஆறும் வரை அழுத்திப் பிடித்திருந்தோம். பின்னர் அதன் உட்புறத்தை ரீமர் கொண்டு 1.375 அங்குல அளவிற்குச் சீர்செய்தோம். அத்துளையின் நடுவும் வால்வுத் தண்டு ஓடும் துளையின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விலகினால் டேப்பட் சாய்ந்து தேயும்.

இரண்டாவது கைடு குளிர்ந்த நிலையில் இறுக்கமாகவே இருந்தது. அதற்கும், அப்பக்கத்து மற்றக் கைடுகளுக்கும் பிடிதகடு பொருத்தினோம். கைடுகளின் விளிம்பை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சிறு எஃகுத் தகடுகள் அவை. தலைப்பகுதியில் மரை வெட்டித் திருகுகளால் இறுக்கப்படுகின்றன. வெப்பத்தால் இறுக்கம் தளர்ந்தாலும் கைடு மேலே எழ முடியாது. துளையிடும்போது ஆழத்திற்கு எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். அலுமினியத் துகள் உள்ளே விழாதபடி எல்லாக் குழிகளையும் துணியால் மூட வேண்டும். மரை வெட்டும் கருவியில் கிரீஸ் பூசிக்கொண்டால் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளைகள் அனைத்தையும் இட்டவன் மருமகனே.

தலைப்பகுதியைப் புதிய கேஸ்கெட்டோடு ஏற்றி, ஷாப்டுகளைக் காலக்குறிப்படி பூட்டி, இயந்திரத்தைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுழற்றினோம். அப்போது கேம் ஷாப்ட் ஒரு முறை முழுதாகச் சுற்றும். புடைப்பு எதுவும் தகட்டில் உரசவில்லை என்று அதில் உறுதி செய்துகொள்ளலாம். கடைசியாக வால்வு இடைவெளி. காற்று வரும் பக்கம் அங்குலத்தின் ஆயிரத்தில் 4 பங்கு. புகை வெளியேறும் பக்கம் 6 பங்கு. இதைச் சரிசெய்யும் ஷிம்கள், ஆயிரத்தில் 85 பங்கு முதல் 110 பங்கு வரை, ஆங்கில அகரவரிசையின் 26 எழுத்துகளால் குறிக்கப்பட்டு வருகின்றன. வேண்டிய எழுத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக மாற்றுவதிலேயே ஒரு பகல் கழிந்தது.

இயந்திரத்தைக் கிளப்பியபோது கேம் சங்கிலியின் மெல்லிய இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இம்முறை அந்த அமைதிக்குக் காரணம் இருந்தது.

உங்களுக்குச் சில சொற்கள்

வாசகர்களே! உங்கள் வீட்டில் ஜாகுவார் கார் இல்லாதிருக்கலாம். ஆயினும் இவ்வேலையில் நான் கண்ட சில உண்மைகள் எவ்வியந்திரத்திற்கும் பொருந்தும்.

புதிய சத்தம் கேட்டால், அதை நிறுத்தச் சொல்லாமல் காரணத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல தொழிலாளி மூடியைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டத் தயங்க மாட்டார். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதன் தழும்பே கதையைச் சொல்லிவிடும். எண்ணெயைக் கெட்டியாக்கினால் சரியாகிவிடும் என்று சொல்பவரிடம், எது சரியாகும் என்று கேளுங்கள்.

குளிர்விக்கும் தண்ணீரை ஏளனமாக எண்ணாதீர்கள். காரின் விலை உயர்ந்த உறுப்புகளைக் காப்பது விலை குறைந்த அந்த நீரே. துருத்தடுப்பு மருந்து கலந்த நீரைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால், வீடு பக்கத்தில்தானே இருக்கின்றது என்று ஓட்டிச் செல்லாமல், நிறுத்தி ஆற விடுங்கள். அந்தக் கடைசி இரண்டு மைல்களில்தான் கைடுகள் தளர்கின்றன.

இறுக்கம் ஒன்றையே நம்பி நிற்பவற்றிற்கு, இறுக்கம் குறையும் நாளை எண்ணி ஒரு பிடிதகடு வைப்பது அறிவுடைமை. அது பிடித்திருப்பவற்றின்மேல் ஐயம் கொள்வதாகாது. இயல்பு வேறான இரண்டு பொருள்கள் ஒன்றாக வாழும் இடத்தில், சூடான நாள் ஒன்று வரத்தான் செய்யும்.

நீங்கள் ஒரு பொருளை விற்பவராயின், அதன் குறையை வாங்குபவர் அறியுமாறு சொல்லிவிடுங்கள். பிறருடைய பொருளைப் பழுது பார்ப்பவராயின், அதில் ஏறப் போகும், நீங்கள் பார்த்திராத மனிதரின் உயிரும் உங்களிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது யாருடைய பையில் எத்தனை நாள் கிடந்தாலும் கிடக்கட்டும். எழுதிக் கொடுப்பது நம் கடமை.